உப்பில்லாத கூழ்

டிராயிங் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குள் ரெண்டு கட்சி கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். படம் வரையும்போது ஈ பறக்கிற சத்தம்கூடக் கூடாது, கதவைச் சாத்து என்பது ஒரு கட்சி. நாலு பேர் கூடிப் பேசினால்தான் வேலை ஓடும், கதவைத் திற என்பது இன்னொரு கட்சி. போன வாரம் இந்த இழுபறியில் தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டதாமே. நல்ல பிள்ளைகள் போங்கள். இதற்கு நடுவர் வேலை பார்க்க ரிட்டயர் ஆன என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்த வேலை ஆகாது. நான் பிறவியிலேயே கதவைச் சாத்துகிற கட்சி. இப்போதும் பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை செய்கிறவனுக்கு அமைதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த அமைதிக்காக நான் ஒருதரம் ஒரு காரியம் செய்தேன். சர்வீஸில் இருந்தவரைக்கும் ஆபீசில் யாரிடமும் அதை வாய் திறந்து சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் இருந்த காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. கொல்லிமலையில் ரிசர்வ் காட்டுக்கு எல்லை கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. சர்க்கார் காடு எதுவரை, மலைச் சனங்களின் கொல்லை எதுவரை என்று அளந்து, கல் நட்டு, படம் போட்டுக் கொடுக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் உழுது சாமை விதைக்கலாம். அந்தப் பக்கம் போய்விட்டால் விறகு பொறுக்கக்கூடக் கால் வைக்க முடியாது. காகிதத்தில் ஒரு நூல் கோடு நகர்ந்தால் மலையில் ஒருத்தர் பிழைப்பு நகர்ந்துவிடும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததும் உறைத்ததும் வேறு வேறு, அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்தில் சர்வேயர் ஒருவர், அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆட்கள் நாலு பேர், நான். அவர்கள் காட்டில் அளந்து புத்தகத்தில் குறித்துக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்து மை போட்டுப் படம் எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான். எனக்குக் கை சுத்தம். என் கோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று சர்வேயரே ஒருதரம் சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூடாரத்தில் வைத்து வரைய முடியவில்லை. பனிமூட்டம் உள்ளே வந்து காகிதம் நமுத்துப்போய்விடும். நாலைந்து ஊர் சேர்ந்ததை அந்த மலையில் நாடு என்பார்கள்; எடப்புளி நாட்டில் ஒரு சின்ன ஊரின் கடைசியில் தானியம் வைக்கிற குடிசை ஒன்று காலியாக இருந்தது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அதைக் கூட்டிப் பெருக்கி எனக்குக் கொடுத்தார். சர்வேயரும் ஆட்களும் மிச்ச அளவை முடிக்கத் தேவனூர் நாட்டுப் பக்கம் கிளம்பினார்கள். போகும்போது சர்வேயர் மூன்று விஷயம் சொன்னார். நாளையிலிருந்து நாலு நாளில் படம் முடிந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் வாசலூர்பட்டியில் அதிகாரி உட்கார்ந்து, கோட்டை ஒட்டிக் கொல்லை இருக்கிறவர்களையெல்லாம் விசாரிப்பார். சாப்பாட்டுக்கு ஊர்க்கவுண்டரிடம் சொல்லியாகிவிட்டது. சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

அவர்கள் போன மறுநிமிஷம் ஊர் உள்ளே வந்தது. அந்தச் சனங்கள் மேல் இன்றைக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் மலையை ஒருத்தன் காகிதத்தில் எழுதுகிறான் என்றால் வந்து பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? கை நிறைய மலைவாழைப்பழத்தோடு வந்து, கம்பளியை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் மாமன் ஊடு எங்கே, ஊத்து எங்கே, கோயில் எங்கே என்று ஆளுக்கொரு கேள்வி. ஒருத்தர் காட்டிய இடத்தை இன்னொருத்தர் இல்லை என்றார். ரெண்டு பேரும் என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு பஞ்சாயத்துப் பேசினார்கள். நான் கெஞ்சிப் பார்த்தேன், சிடுசிடுத்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்கிறாரே என்று இன்னும் ரெண்டு பழம் வைத்தார்கள். கடைசியில் யாரோ கொட்டாவி விட்டுக் கை நீட்டியதில் என் முழங்கை இடறி, ஒரு சொட்டு மை படத்தின் ஓரத்தில் விழுந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அரிசி மூட்டையைப் பிரித்தபோது உள்ளே ஒரு வேப்பங்கொத்து கிடந்தது. வண்டு விழாமல் இருக்க அடிவாரத்தில் போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த உசரத்தில் வேம்பைப் பார்ப்பது அபூர்வம். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்லவே இப்போது வாய் கூசுகிறது.

வாசலில் வேப்பிலை கட்டினால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். வேற்று ஆள் படியேற மாட்டான். என் ஊரிலும் அதுதான் வழக்கம், அவர்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். பெரியம்மை வந்தால் பாதி வீடு காலியாகிற காலம் அது. இதில் விளையாடக் கூடாது என்று தெரியாத வயசும் இல்லை எனக்கு. இருந்தும் பொழுது விடிவதற்குள் அந்தக் கொத்தை வாசல் நிலையில் கட்டி, மூங்கில் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

அடேயப்பா, அந்த அமைதி. காலையில் ரெண்டு பேர் பேசிக்கொண்டே வந்தது கேட்டது, பாதி வழியில் பேச்சு நின்றது, அப்புறம் வேகமாகத் திரும்பிப் போகிற காலடி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு குடிசைக்குள் என் பேனாவின் கீச்சுச் சத்தம் மட்டும்தான். அந்த நாலு நாளில் நான் போட்ட மாதிரி கோடு என் ஆயுசில் போட்டதில்லை. பொய் சொல்லி வாங்கிய அமைதியிலும் வேலை நன்றாகத்தான் நடக்கும் பிள்ளைகளே, அதுதான் இதில் இருக்கிற வம்பு.

அரிசி இருந்தாலும் அடுப்புப் புகை தெரிந்தால் பொய் வெளிப்பட்டுவிடும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று முதல் நாள் கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது. படல் இடுக்கு வழியாகப் பார்த்தால், முப்பதடி தூரத்தில் இருந்த மரத்தடியில் ஒரு மண்சட்டி. மேலே வாழையிலை மூடி, இலைமேல் கல். ஊர்க்கவுண்டர் பயந்துகொண்டு தூரத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய் எடுத்து வந்தேன். மோர் விட்டுக் கரைத்த கூழ். வாயில் வைத்தால் உப்பு இல்லை. வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை, ஒரு கடுகுகூடத் தாளித்துப் போடவில்லை. ஊர்க்கவுண்டர் வீட்டுக் கைப்பக்குவம் இவ்வளவுதானா என்று முனகிக்கொண்டே குடித்தேன். நாலு நாளும் அதே சட்டி, அதே சப்பென்ற கூழ். நாலு நாளும் முனகினேன்.

ரெண்டாம் நாளிலிருந்து சட்டியோடு ஒரு குரலும் வந்தது. மரத்தடியிலிருந்து மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்கிற மாதிரி, ஒரு ஆம்பளைக் குரல்.

"சாமி, ஏதும் வேணுங்களா?"

நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். பதில் சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் குட்டு உடையும். குரல் இன்னொருதரம் கேட்டது. அப்புறம் காலடி போய்விட்டது. மூன்றாம் நாளும் அப்படியே, நாலாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள்தான் வினை வந்தது. அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில், ரெண்டு எல்லைக்கல்லுக்கு நடுவே சர்வேயர் அளவு குறிக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு வரி எழுதியிருந்தார். சடையன் கொல்லை, விளிம்பைக் காட்ட அன்று ஆள் இல்லை, கேட்டுப் போடவும் என்று. அந்தக் கொல்லை நான் இருந்த ஊரில்தான். வெளியே போய்ச் சடையன் யார் என்று கேட்டால், யாராவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார்கள். ரெண்டு மணி நேர வேலை. ஆனால் நான் எப்படி வெளியே போவது? வாசலில் வேப்பிலை தொங்குகிறது. அம்மை போட்டுப் படுத்திருக்கிறவன் கையில் புத்தகத்தோடு சடையன் கொல்லை எங்கே என்று கேட்டுக்கொண்டு போக முடியுமா? ஊரை உள்ளே வராமல் செய்ய நான் கட்டிய கொத்து, என்னையும் வெளியே போகவிடாமல் கட்டிவிட்டது.

என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கேலை வைத்தேன். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். தப்பாக இருந்தால் விசாரணையில் அந்த ஆளே வந்து சொல்லிக்கொள்வான், அப்போது திருத்திக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானப்படுத்தினேன். கோடு பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. மை காய்வதற்காக நான் ஊதிக்கொண்டிருந்தபோதுதான் மரத்தடியில் அந்தக் குரல் ஏதும் வேணுங்களா என்று கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் யார் கண்ணிலும் படாமல் விடியற்காலையிலேயே படத்தைச் சுருட்டிக்கொண்டு வாசலூர்பட்டிக்கு நடந்தேன். அங்கே ஒரு பந்தல் போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம்ம ஆள்தான், ஆனால் துரைகளைவிடப் பெரிய துரை. என் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, அளவு முடித்து வந்திருந்த சர்வேயரிடம் நன்றாக வந்திருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். ஆள் வந்து நின்று, கோடு சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். வராதவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சடையன் என்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. ரெண்டாந்தரம் கூப்பிட்டார்கள். நான் கூட்டத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்க்கவுண்டர் என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. மெதுவாக நகர்ந்து என் பக்கத்தில் வந்தார்.

சடையன் வரமாட்டான் என்று காதோடு சொன்னார். நாலு நாளாக அம்மை ஊட்டுக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான், அந்தத் தீட்டோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் சபைக்கு வருவது எங்களில் வழக்கம் இல்லை என்றார். அதிகாரியிடம் அம்மை என்று சொன்னால் ஊசி குத்துகிறவர்கள் ஊருக்குள் வந்துவிடுவார்கள் என்று எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களாம். சொல்லிவிட்டு என் முகத்தையும் கையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த அம்மை ஊடு உங்க ஊடுதானுங்களே" என்றார்.

மூன்றாந்தரமும் கூப்பிட்டார்கள். அந்த இடத்தில் நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் மனசுக்குள் எழுந்து நின்று பார்த்துவிட்டேன். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. அதிகாரி என்ன சொல்வார், வேலை என்ன ஆகும், நாலு பேர் சிரிப்பார்களே என்று அதையெல்லாம்தான் நினைத்தேன். குமாஸ்தா ஆட்சேபம் இல்லை என்று எழுதினார். எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பனி இறங்கிவிட்டதால் மிச்சத்தை விட்டுவிட்டு, காலையில் கையெழுத்துப் போடுகிறேன் என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

சாமான்களை எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடிசைக்குத் திரும்பினேன். பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. மரத்தடியில் சட்டி இருந்தது. பக்கத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. காலையில் வைத்த கூழ் எடுக்கப்படாமல் இருந்ததைப் பார்த்து, நோயாளிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், உள்ளே வந்து பார்க்கலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா.

"எந்திரிச்சுட்டீங்களா சாமி? ஆத்தா எறங்கிட்டாளுங்களா?"

அப்படியே எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு எதற்குக் கூழ் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டில் பொஞ்சாதிக்கும் மகளுக்கும் அவருக்கும் ஒரே சமயத்தில் போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. ஊர் பயந்துவிட்டது, ஊர்மேல் தப்பு சொல்ல முடியாது என்றார். தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் இல்லை. அவர் எழுந்திருக்கத் தெம்பு வந்தபோது மற்ற ரெண்டு பேரும் இல்லை.

"அந்தக் கொத்தப் பாத்துட்டுச் சும்மா போக முடியலீங்க. எனக்கு ஒருக்கா வந்துருச்சு, இனி வராதுங்களே. அதான் நானே வந்தேன்" என்றார்.

உப்பும் வெங்காயமும் தாளிப்பும் அம்மை கண்டவர்களுக்கு ஆகாது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. நாலு நாளும் நான் முனகிக்கொண்டே குடித்தது நோயாளிக்கென்று பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய கூழ். அந்தச் சட்டியைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் சொல்லிவிட்டேன். அம்மை இல்லை, ஒன்றும் இல்லை, ஆட்கள் வந்து தொந்தரவு பண்ணுகிறார்கள் என்று நானே கட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடிசை வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஏதாவது வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க."

"நல்லதாப் போச்சுங்க" என்று பெருமூச்சு விட்டார். உண்மையாகவே அவருக்கு நிம்மதி. என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்ததையும் சொல்லித்தானே ஆக வேண்டும். உங்கள் கொல்லை விளிம்பைக் கேட்காமலே நேர்க்கோடு போட்டுவிட்டேன், கொல்லையில் ஒரு பக்கம் ரிசர்வுக்குள் போயிருக்கும், காலையில் கையெழுத்து ஆகப்போகிறது என்றேன். அவர் கையில் இருந்த இலையை மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"பலாமரமும் உள்ள போயிருச்சுங்களா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த இடத்தில் மரம் இருப்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் விடியற்கருக்கலில் ரெண்டு பேரும் கிளம்பினோம். தண்ணீர் ஊற்றாமல் வரமாட்டேன் என்று அவர் சரிவுக்குக் கீழேயே நின்றுகொண்டார். நான் முதலில் சர்வேயரிடம் போனேன். அவர் கத்துகிற ஆள் கிடையாது. நான் சொல்லி முடிக்கும்வரை பல்குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். புத்தகத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்றார். கேட்டுப் போடவும் என்று எழுதியிருந்தீர்கள் என்றேன்.

"இருநூறு பக்கத்துல நான் எழுதாம விட்டது அந்த ஒரு இடம்தான். உன்னை நம்பித்தான் விட்டேன் கண்ணு" என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு, வா என்று அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரி காபி குடித்துக்கொண்டிருந்தார். பேனா மேஜைமேல் திறந்திருந்தது. சுற்றிலும் ஊர்க்கவுண்டர்கள், குமாஸ்தா, சங்கிலி ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும், கோடு தப்பு, அந்த ஆள் வராததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. என் மூஞ்சியைப் பார்க்காமலே, நான் நாளைப் பொழுது சாய மலையிறங்குகிறேன், அதற்குள் சரியான படம் என் கைக்கு வந்தால் அது நிற்கும், இல்லாவிட்டால் இந்தக் கோடுதான் நிற்கும் என்றார். என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது. அது இன்னும் அங்கே இருக்கும், வேண்டுமென்றால் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும் ஊர்க்கவுண்டர் எங்களை அளக்க விடவில்லை. எனக்குப் பயந்து நாலு நாளாகப் பிள்ளை குட்டிகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வராதா? பொய்யாகக் கட்டினாலும் கட்டியது வேப்பிலை, முறையாக இறக்காமல் ஊருக்குள் எந்த வேலையும் நடக்காது என்று ஒரே பிடியாக நின்றார். என் கையாலேயே அவிழ்க்கச் சொன்னார்கள். அப்புறம் ஊத்துக்குக் கூட்டிப்போய், சடையண்ணனுக்கும் எனக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தப் பனியில், அந்தத் தண்ணீரில், என் பல் அடித்துக்கொண்ட சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். சனங்கள் சிரித்தார்கள். பக்கத்தில் அவரும் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் கொல்லை விளிம்பில் சங்கிலி பிடித்துக்கொண்டு நடந்தோம். நான் போட்ட நேர்க்கோடு எங்கே வரும் என்று சங்கிலிக்காரர் ஒரு குச்சி நட்டார். அது ஒரு பலாமரத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தது. மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அடியில் ரெண்டு கல், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. சங்கிலிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். சடையண்ணன் மரத்துக்கு அப்புறம் பத்தடி தள்ளிப் போய் நின்று, விளிம்பு இதுதானுங்க என்று காலால் காட்டினார். அவர் அப்பா அடுக்கிய கல்வரப்பு அங்கே செடிக்குள் மூடிக் கிடந்தது.

மறுநாள் வரையும் நாள். பொழுது சாய்வதற்குள் முடியவேண்டும், திருத்தினால் அடையாளம் தெரியும் என்று முழுப் படத்தையும் பழையதைப் பார்த்துப் புதுக் காகிதத்தில் படியெடுக்க வேண்டும். எனக்கு வாழ்க்கையிலேயே அன்றைக்கு மாதிரி அமைதி தேவைப்பட்டதில்லை. ஆனால் படலைச் சாத்த எனக்குக் கை வரவில்லை. விரியத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஊர் மறுபடியும் வரத் தொடங்கியது.

அப்போது சடையண்ணன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை. வருகிறவர்களை அவர் விரட்டவும் இல்லை. என்ன விசயம் என்று மெதுவாகக் கேட்பார். சும்மா பார்க்க வந்தவர்களை, சாயங்காலம் பாக்கலாம், இப்ப எங்க கொல்லைய எழுதிட்டு இருக்கறாங்க என்பார். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுச் சத்தமில்லாமல் எட்டி உட்கார்ந்துகொள்வார்கள். நடுவில் சங்கிலிக்காரர் ஓட்டமாக வந்தார். சடையண்ணன் அவரைக் கேட்டுவிட்டு உடனே உள்ளே விட்டார். நேற்று மூன்றாவது குச்சியில் சொன்ன அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகம், போய் இன்னொருதரம் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். தப்புதான். அந்த ஆள் மட்டும் அன்றைக்கு வாசலோடு திரும்பிப் போயிருந்தால், இன்னொரு நேர்க்கோட்டை நான் அழகாகப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

கதவைச் சாத்துவதா திறப்பதா என்று கேட்கிறீர்களே, எனக்குத் தெரிந்த பதில் அந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர்தான். அதற்குப் பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் முதலில் நான் ஒருத்தரைப் பார்த்துவைத்துக்கொள்வேன். நான் குனிந்து வேலை செய்யும்போது, எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று தெரிந்த ஒருத்தர். அவர் குனிந்திருக்கும்போது நான் அவருக்கு அப்படி உட்கார்ந்திருப்பேன். உங்கள் தாழ்ப்பாளைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

படம் பொழுது சாய்வதற்குள் அதிகாரி கைக்குப் போய்ச் சேர்ந்தது. கையெழுத்தும் ஆயிற்று. இப்போதும் ஆபீஸ் பீரோவில் அந்தப் படம் இருக்கும். எடப்புளி நாட்டுப் பக்கம் நேராக வருகிற எல்லை ஓர் இடத்தில் கொஞ்சம் காட்டுப் பக்கமாக வளைந்து, மறுபடி நேராகப் போகும். டிராப்ட்ஸ்மேனுக்குக் கை நடுங்கிவிட்டதா என்று பின்னால் வந்த ஒருத்தர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

படம் வரைந்த அன்றைக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாதிப் படம் முடிந்திருந்தது. நான் அந்த வளைவில் இருந்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு மை போட்டுக்கொண்டிருந்தேன். வளைவு முடிந்து பேனா காகிதத்தைவிட்டு எழுந்ததும், வாசலிலிருந்து அதே குரல், அதே மாதிரி மெதுவாகக் கேட்டது.

"சாமி, ஏதும் வேணுங்களா?"

பேனாவைக் கீழே வைத்தேன். அந்தக் கேள்விக்கு நான் முதல்தரமாகப் பதில் சொன்னேன்.

"பசிக்குதுங்கண்ணா. கொஞ்சம் கூழு இருந்தாக் குடுங்க."

அதே சட்டிதான், அதே வாழையிலை மூடிதான். இந்தத் தடவை மரத்தடியில் வைக்கவில்லை, உள்ளே வந்து என் கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். கூழில் உப்பு இருந்தது. இலையில் ரெண்டு சின்ன வெங்காயமும் ஒரு பச்சைமிளகாயும் வைத்திருந்தார்.